விளக்கு எரிகிறது, லினக்ஸ் எழும்பவில்லை: பூட் ஆகாத போர்டில் அறுந்தது எந்தப் படி?

மின்சாரம் போய்த் திரும்பி வந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியின் மின்விசிறிகள் மறுபடி சுழல்கின்றன. அங்கே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிந்துகொண்டிருந்த உள்ளங்கை அளவுப் போர்டு மட்டும் எழும்பவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே கிடக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். போர்டு செத்துவிட்டது என்று கழற்றி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் எஸ்டி கார்ட்டை உருவி, அதில் புதிதாக ஒரு இமேஜை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பை) எழுதிப் போடுகிறார்கள். முதல் வழியில் நல்ல போர்டு குப்பைக்குப் போகிறது. இரண்டாவது வழியில் கார்ட்டில் இருந்த தரவும் கோளாறின் தடயமும் சேர்ந்தே அழிகின்றன. காரணம் தெரியாததால் அடுத்த மின்வெட்டில் அதே தொல்லை திரும்பி வருகிறது.

"பூட் ஆகவில்லை", அதாவது மின்சாரம் வந்தும் இயங்குதளம் எழும்பவில்லை, என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. வரிசையாக நடக்கவேண்டிய சில படிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எந்தப் படி என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: ஒரு வயரை மாற்றுவது, அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்துவது, கார்ட்டின் ஒரு பகுதியைச் சரிபார்ப்பது. அந்தப் படியைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இலங்கையின் மலையகத்தில் இந்தத் தேவை கூடுதல். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட பெரிய நிகழ்வுகளை விடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல், ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை, கம்பியில் விழும் சவுக்கு மரம் என்று ஆண்டு முழுவதும் மின்சாரம் தடுமாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றுப் போர்டு வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஆகவே எது கெட்டது என்று சரியாகத் தெரியாமல் பொருள் வாங்குவது பணத்துக்கும் கேடு, நாளுக்கும் கேடு.

முதலில் சில சொற்கள்

எம்பெடட் லினக்ஸ் போர்டு என்பது ஒரே பலகையில் செயலி, நினைவகம், இணைப்புகள் எல்லாம் அமைந்த, லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சிறு கணினி. ராஸ்ப்பெரி பை, பீகிள்போன் பிளாக், ஒரேஞ்ச் பை ஆகியவை இந்த வகை. அர்டுயினோ போன்ற மைக்ரோகொன்ட்ரோலர் போர்டுகளில் இயங்குதளமே கிடையாது என்பதால் அவற்றுக்கு இங்கே சொல்வது பொருந்தாது.

பூட்ரோம் என்பது சிப் செய்யும்போதே அதற்குள் பதிக்கப்பட்ட சிறு நிரல். அதை யாரும் அழிக்க முடியாது. பூட்லோடர் என்பது இயங்குதளத்தைத் தேடி நினைவகத்தில் ஏற்றிவிடும் நிரல். பல போர்டுகளில் அதன் பெயர் யூ-பூட். கேர்னல் என்பது லினக்ஸின் கரு. டிவைஸ் ட்ரீ என்பது அந்தப் போர்டில் என்னென்ன வன்பொருள் எந்தெந்த முகவரியில் இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு. ஃபைல்சிஸ்டம் என்பது சேமிப்பில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை. ரூட் ஃபைல்சிஸ்டம் என்பது நிரல்களும் அமைப்புகளும் தரவும் இருக்கும் பகுதி. இனிட் என்பது கேர்னல் தொடக்கும் முதல் நிரல். மற்ற எல்லாவற்றையும் அதுதான் எழுப்புகிறது. இன்றைய பெரும்பாலான அமைப்புகளில் அந்த வேலையைச் செய்வது சிஸ்டம்டி.

மின்சாரம் வந்ததும் உள்ளே நடப்பது

1. மின்னழுத்தம் நிலைபெற்றதும் செயலி ரீசெட்டிலிருந்து விடுபட்டு பூட்ரோமை ஓட்டுகிறது. இந்த நேரத்தில் பெரிய நினைவகமான டிரேம் இன்னும் உயிர்பெறவில்லை. சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகம் மட்டும்தான் உண்டு. பெரும்பாலான சிப்களில் அது சில பத்து அல்லது சில நூறு கிலோபைட்.

2. பூட்ரோம் எஸ்டி கார்ட், இஎம்எம்சி (போர்டிலேயே உள்ள சேமிப்புச் சிப்), எஸ்பிஐ ஃபிளாஷ் (அதைவிடச் சிறிய சேமிப்புச் சிப்), யூஎஸ்பி என்று ஒரு வரிசையில் தேடி, முதல் கட்ட லோடரை அந்தச் சிறு நினைவகத்துக்குள் கொண்டுவருகிறது. யூ-பூட் உலகில் இதன் பெயர் எஸ்பிஎல்.

3. எஸ்பிஎல் டிரேமைத் தொடக்கிவிட்டு, முழு யூ-பூட்டை அதில் ஏற்றுகிறது.

4. யூ-பூட் கேர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் நினைவகத்தில் ஏற்றி, கேர்னலுக்கு வேண்டிய கட்டளை வரியையும் கொடுத்துவிட்டு, பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்கிவிடுகிறது.

5. கேர்னல் வன்பொருளைத் தொடக்கி, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்குத் திறந்து), இனிட்டை அழைக்கிறது.

ராஸ்ப்பெரி பையில் இரண்டாம், மூன்றாம் படிகள் சற்று வேறு. பை 3 வரையான மொடல்கள் முதல் கட்ட நிரலைக் கார்ட்டின் ஃபெட் பகுதியிலிருந்து (ஃபெட் என்பது எளிய ஃபைல்சிஸ்டம் வகை ஒன்று) எடுத்தன. பை 4, பை 5 இரண்டிலும் அது போர்டிலேயே உள்ள ஈப்ரோம் என்ற சிறு சேமிப்புச் சிப்பில் இருக்கிறது. அதனால் கார்ட்டே இல்லாமலும் பை 4 ஓரளவுக்குப் பேசும்: யூஎஸ்பி-சி முனைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐயில் திரையை மாட்டினால், எங்கெங்கே தேடினேன், எது கிடைக்கவில்லை என்று பூட்லோடர் காட்டும் பக்கம் வரும்.

இந்த வரிசையில் மனதில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. திரையில் படம் வருவது பல போர்டுகளில் நாலாம், ஐந்தாம் படியில்தான். எனவே கறுப்புத் திரை என்பது மூன்று நான்கு படிகளை ஒரேயடியாக மறைத்துவிடுகிறது. திரையை நம்பித் தேடுகிறவர் இருட்டில்தான் தேடுகிறார்.

விளக்கு எரிந்தால் மின்சாரம் சரி என்று ஆகாது

சிவப்பு விளக்குக்குச் சில மில்லி அம்பியர் போதும். செயலிக்கும் டிரேமுக்கும் அது போதாது. பூட் ஆகும் அந்தச் சில வினாடிகளில் மின்னோட்டம் திடீரென ஏறும். அப்போது மின்னழுத்தம் சரிந்தால் செயலி ரீசெட் ஆகி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறுபடி சரியும். பல போர்டுகளில் விளக்கு இதில் எதையும் காட்டிக்கொடுக்காது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். மலிவான யூஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் செல்லும் வயர் 28 கேஜ் தடிப்பு (கேஜ் எண் கூடினால் வயர் மெல்லியது). அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் 2 மீட்டர் என்றால் போகவும் வரவும் 4 மீட்டர் வயர். மொத்தத் தடை ஏறத்தாழ 0.85 ஓம். அதில் 1 அம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். அடாப்டர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்கு வந்து சேருவது 4.15 வோல்ட்தான். ராஸ்ப்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே குறைந்த மின்னழுத்தம் என்று எச்சரிக்கும். அதே நீளத்தில் 20 கேஜ் வயர் போட்டால் இழப்பு 0.13 வோல்ட் மட்டுமே. கைத்தொலைபேசிக்கு இந்தக் கேபிள் நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று கேட்கலாம். தொலைபேசி மெதுவாகச் சார்ஜ் ஆகிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். போர்டு பொறுக்காது.

தொழிற்சாலைக்குள் இன்னொரு காரணமும் சேர்கிறது. பெரிய மோட்டார் ஒன்றை நேரடியாகத் தொடக்கும்போது அது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். மின்சாரம் திரும்பி வந்ததும் மின்விசிறிகளும் உருளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிற அதே நிமிடத்தில்தான் போர்டும் பூட் ஆக முயல்கிறது. மதியம் தனியாகச் சோதித்தால் நன்றாக எழும்பும் போர்டு, அந்த நேரத்தில் மட்டும் விழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சோதிக்கும் முறை:

1. மல்டிமீட்டரை அடாப்டரின் முனையில் வைத்துப் பயனில்லை. போர்டில் வைத்து அளக்கவேண்டும். ராஸ்ப்பெரி பையில் 2ஆம் இலக்க ஊசிக்கும் 6ஆம் இலக்க ஊசிக்கும் இடையே பார்க்கலாம். ஊசிகள் நெருக்கமானவை, மீட்டரின் முனை வழுக்கி இரண்டைத் தொட்டுவிட்டால் போர்டு போய்விடும், கவனம்.

2. பூட் ஆக முயலும்போதே அளக்கவேண்டும். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு கண நேரச் சரிவு சாதாரண மீட்டரின் கண்ணில் படாமலே போகலாம் என்பதால், எண் சரியாகத் தெரிந்தாலும் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

3. தெரிந்த நல்ல அடாப்டர், குட்டையான தடித்த கேபிள். பை 3க்கு 2.5 அம்பியர், பை 4க்கு 3 அம்பியர், பை 5க்கு 5 அம்பியர் அடாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. யூஎஸ்பியில் மாட்டியுள்ள மோடம், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

4. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் போர்டில் ஒரு விளக்கு மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், எச்டிஎம்ஐ வழியாகவோ சீரியல் வயர் வழியாகவோ பின்பக்கமாக மின்சாரம் கசிகிறது. அப்படி அரை உயிரோடு இருக்கும் செயலி முழுமையாக ரீசெட் ஆகாது. எல்லா வயர்களையும் கழற்றி, அரை நிமிடம் விட்டு, மின்சாரத்தை மட்டும் முதலில் கொடுங்கள்.

மூடுபனியும் ஈரமும் தம் பங்குக்கு வேலை செய்கின்றன. இரவில் குளிர்ந்த பெட்டிக்குள் காலையில் ஈரக்காற்று புகுந்தால் பலகையின்மேல் நீர் படியும். தொழிற்சாலையில் தேயிலைத் தூசியும் சேர்ந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்ட் செருகும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா என்று ஒரு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்கவேண்டும்.

எஸ்டி கார்ட் ஏன் கெடுகிறது

மின்வெட்டுக்குப் பின் எழும்பாத போர்டுகளில் நான் அடுத்துச் சந்தேகிப்பது கார்ட்டைத்தான். காரணம் ஃபிளாஷ் நினைவகம் வேலை செய்யும் விதம். அதில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக. அழிப்பது பெரிய புளொக்குகளாக. நீங்கள் ஒரு வரி வெப்ப அளவை எழுதச் சொன்னால், கார்ட்டுக்குள் இருக்கும் சிறு கொன்ட்ரோலர் பழைய புளொக்கில் இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்தி, எது எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையையும் திருத்துகிறது. அந்த நடுவில் மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த வரி மட்டுமல்ல, மாதக்கணக்கில் தொடாத ஒரு கோப்பும் சேர்ந்து கெடலாம். அந்தக் கோப்பு கேர்னலாக இருந்துவிட்டால் பூட் நின்றுவிடும். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தின் ஜேர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) தன் அளவில் உதவும். கார்ட்டின் உள் அட்டவணை குழம்பினால் ஜேர்னலால் ஒன்றும் செய்ய முடியாது. பூட் கோப்புகள் இருக்கும் ஃபெட் பகுதிக்கோ ஜேர்னலே கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். "கோப்புகள் எல்லாம் கார்ட்டில் இருக்கின்றன, கணினியில் தெரிகின்றன, இருந்தும் பூட் ஆகவில்லை" என்று பலர் திகைக்கிறார்கள். பல போர்டுகளில் முதல் கட்ட லோடர் எந்தக் கோப்பாகவும் இருப்பதில்லை. ஓல்வின்னர் நிறுவனத்தின் சிப் உள்ள போர்டுகளில் அது கார்ட்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி நேரடியாக எழுதப்பட்டிருக்கும். ரொக்சிப் நிறுவனச் சிப் உள்ள போர்டுகளில் 32 கிலோபைட் தள்ளி. கணினியின் கோப்புப் பட்டியலில் அது தெரியாது. பழைய கார்ட்டிலிருந்து கோப்புகளைப் புதிய கார்ட்டுக்கு நகலெடுத்தால் அது வராது. இமேஜை முழுமையாக எழுதினால்தான் வரும்.

போலிக் கார்ட்களும் சந்தையில் உண்டு. 64 கிகாபைட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த எல்லை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், தாண்டிய அன்று கெடும். எஃப்3 என்ற இலவச நிரல் கார்ட்டை முழுக்க நிரப்பி, திரும்ப வாசித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். புதுக் கார்ட்டைப் போர்டில் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

போர்டைப் பேச வைப்பது: சீரியல் கன்சோல்

மின்சாரம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்றானபின் ஊகத்தை நிறுத்திவிட்டுப் போர்டையே கேட்கவேண்டும். பெரும்பாலான போர்டுகள் தாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் சீரியல் (எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வயரில் அனுப்பும் இணைப்பு) வழியாகச் சொல்லிக்கொண்டே போகின்றன. அதைக் கேட்க வேண்டியது ஒரு யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர். சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்ற சிப்களில் ஒன்று அதில் இருக்கும். விலை குறைந்த பொருள். போர்டு வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இது ஒன்று இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றுப் போர்டு வாங்கும் முன் இதை வாங்குங்கள்.

மூன்று வயர் போதும். கிரவுண்டுக்குக் கிரவுண்ட். அடாப்டரின் அனுப்பும் முனை போர்டின் பெறும் முனைக்கு. அடாப்டரின் பெறும் முனை போர்டின் அனுப்பும் முனைக்கு. ராஸ்ப்பெரி பை 4 வரையில் 6ஆம் ஊசி கிரவுண்ட், 8ஆம் ஊசி அனுப்புவது, 10ஆம் ஊசி பெறுவது. பை 5க்கு இதற்கென்றே மூன்று முனைச் சிறு இணைப்பான் உண்டு. அடாப்டரின் மின்சார முனையைத் தொடவே வேண்டாம். அடாப்டர் 3.3 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 5 வோல்ட் போனால் சிப்பின் அந்த முனை எரிந்துவிடும்.

வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 115200 பிட். ரொக்சிப் போர்டுகள் பலவற்றில் 1500000. எழுத்துகள் வருகின்றன, ஆனால் கோணல்மாணலாக வருகின்றன என்றால் அது நல்ல செய்தி: போர்டு உயிரோடு இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை. ராஸ்ப்பெரி பையில் சீரியலை அமைப்புக் கோப்பில் இயக்கி வைத்திருக்கவேண்டும். கார்ட்டைக் கணினியில் செருகி அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம். மடிக்கணினி கைவசம் இல்லாத தோட்டத்தில் அன்ட்ரொய்ட் தொலைபேசியும் அதில் யூஎஸ்பி பொருளை மாட்ட உதவும் ஓடிஜி கேபிளும் சீரியல் டெர்மினல் ஆப்பும் போதும். டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு அதன்பிறகு போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். முதல் எழுத்திலிருந்தே பிடிக்கவேண்டும்.

பேச்சு எங்கே நின்றது?

1. ஓர் எழுத்தும் இல்லை. முதலில் அனுப்பும் வயரையும் பெறும் வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பாதிச் சிக்கல் அதோடு தீரும். அதன்பிறகும் மௌனமென்றால் பூட்ரோமுக்கு லோடர் கிடைக்கவில்லை அல்லது செயலி ஓடவே இல்லை. இரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு சிப்பிலும் ஒரு வழி உண்டு. பீகிள்போன் பிளாக்கில் 'சி' என்ற ஆங்கில எழுத்து வரிசையாக வந்துகொண்டிருந்தால், பூட்ரோம் உயிரோடு இருக்கிறது, எங்கும் லோடர் கிடைக்காமல் சீரியல் வழியாகக் கேட்கிறது என்று பொருள். ஓல்வின்னர் சிப் எஃப்இஎல் நிலைக்கும், ரொக்சிப் மாஸ்க்ரோம் நிலைக்கும் போய் நிற்கும். யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால் ஒரு புதிய சாதனமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் சிப் நலம், கார்ட்டில்தான் குறை. ராஸ்ப்பெரி பையில் பச்சை விளக்கை எண்ணவேண்டும்: 4 தடவை மின்னினால் ஃபர்ம்வெயர் கோப்பு இல்லை, 7 தடவை என்றால் கேர்னல் இல்லை, 8 தடவை என்றால் நினைவகக் கோளாறு. கணினியிலும் தெரியவில்லை, விளக்கும் மின்னவில்லை, செயலி தொட முடியாதபடி சுடுகிறது என்றால் அப்போதுதான் போர்டு போய்விட்டது என்று சொல்லத் தகும். இடிமின்னலுக்குப் பிந்திய நாட்களில் இதைப் பார்க்க நேரலாம்.

2. எஸ்பிஎல் வரி வந்து, டிரேம் என்ற இடத்தில் நிற்கிறது. வேறு மொடலுக்கான இமேஜை எழுதியிருக்கலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் நினைவகச் சிப் மாறியிருந்தால் அமைப்பு மாறும். அதே சில வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் மறுபடி மின்சாரப் பகுதிக்குப் போங்கள்: சுமை ஏறும் கணத்தில் சரிந்து ரீசெட் ஆகிறது.

3. யூ-பூட் வந்து, தன் கட்டளைக் குறியில் நிற்கிறது. கேர்னல் கோப்பு கிடைக்கவில்லை, அல்லது கோப்பு பூச்சியம் பைட் ஆகிவிட்டது. மென்பொருள் புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் போனால் இது நேரும். அந்தக் கட்டளைக் குறியிலேயே பகுதிகளில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம். பழைய கேர்னல் ஒன்று இருந்தால் கையால் ஏற்றிப் பூட் செய்யலாம். 'பேட் சிஆர்சி, யூசிங் டிஃபோல்ட் என்விரன்மென்ட்' என்ற வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். யூ-பூட் தன் அமைப்புகளை ஒருபோதும் சேமித்ததில்லை என்றாலும் அந்த வரி வரும். நீங்கள் சேமித்து வைத்திருந்த அமைப்பு இருந்து, திடீரென அந்த வரி வந்தால்தான் கவலை.

இதே படியில் இன்னொன்றும் உண்டு. யூ-பூட் சில வினாடி எண்ணும். அதற்குள் ஏதாவது எழுத்து வந்தால் பூட்டை நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும். அந்தச் சீரியல் முனையில் ஒரு ஜிபிஎஸ்ஸோ மோடமோ மாட்டியிருந்தால், அல்லது அறுந்த வயர் ஒன்று அன்டெனா போல இரைச்சலைப் பிடித்தால், அதையே விசை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். மேசையில் நன்றாக எழும்பி, மலையில் மாட்டியபிறகு எழும்பாத போர்டுகளில் இதை மறக்காமல் பாருங்கள்.

4. 'ஸ்டார்ட்டிங் கேர்னல்' என்று சொல்லிவிட்டு மௌனம். இங்கே நின்றுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் கேர்னல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் கட்டளை வரியில் கன்சோல் முனையின் பெயரோ வேகமோ தவறாக இருந்தால் அதன் பேச்சு வேறெங்கோ போகிறது. நெட்வேர்க் விளக்கு மின்னுகிறதா, ரௌட்டரின் பட்டியலில் போர்டு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டளை வரியில் ஏர்லிகொன் என்ற சொல்லைச் சேர்த்தால், வழக்கமான கன்சோல் தயாராகுமுன்பே கேர்னல் பேசத் தொடங்கும். தவறான டிவைஸ் ட்ரீ ஏற்றப்பட்டிருந்தால் அங்கே பிடிபடும்.

5. 'கேர்னல் பெனிக்' (மேலே தொடரமுடியாமல் கேர்னல் நின்றுவிடுவது), ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை. அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும், விடை அங்கேதான். (0,0) என்றால் கேர்னலுக்கு அந்தச் சாதனமே தெரியவில்லை: டிரைவர் இல்லை, அல்லது ரூட் எங்கே என்று சொன்ன பெயர் தவறு. (179,2) என்றால் எஸ்டி கார்ட்டின் இரண்டாம் பகுதி தெரிகிறது, ஆனால் உள்ளிருக்கும் ஃபைல்சிஸ்டம் வாசிக்க முடியாதபடி கெட்டிருக்கிறது, அல்லது அந்த வகை ஃபைல்சிஸ்டத்துக்கான ஆதரவு கேர்னலில் இல்லை. முதலாவதற்குக் கட்டளை வரியைத் திருத்தவேண்டும். இரண்டாவதற்குக் கார்ட்டைச் சரிபார்க்கவேண்டும். இஎம்எம்சியும் கார்ட்டும் சேர்ந்திருக்கும் போர்டில் சாதன இலக்கம் 0, 1 என்று இடம் மாறிக்கொள்வதும் உண்டு; பகுதியின் நிலையான அடையாள எண்ணைக் கொண்டு ரூட்டைக் குறித்தால் அந்தத் தொல்லை வராது.

6. கேர்னல் கடந்து, சிஸ்டம்டியில் தடை. ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போகிறதா? மவுண்ட் பட்டியலில் இருக்கும் யூஎஸ்பி டிரைவ் கழன்றிருக்கும். அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்திருந்தால் டிரைவ் இல்லாமலும் போர்டு எழும்பும். ரூட் பகுதி நிரம்பியிருந்தாலும் இந்தப் படியில் தடுமாறும்.

புதிதாக எழுதுவதற்கு முன்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிவு தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியதை மலையகம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்பதே முதல் விழிப்பு எல்லையாகச் சொல்லப்படுகிறது. ஒரு பாடசாலையோ தோட்டமோ தானே வைத்திருக்கும் மழைமானிப் போர்டு, கடும் மழை பெய்த இரவில் மின்சாரம் போய் நின்றிருந்தால், அந்தக் கார்ட்டில் இருப்பது அந்த இரவின் மழைப் பதிவு. அதன்மேல் புதிய இமேஜை எழுதுவது அந்தப் பதிவை அழிப்பதாகும். அவசரத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கெட்ட கார்ட்டை எடுத்து, அதன்மேல் இலக்கமும் திகதியும் எழுதி, தனியே வையுங்கள். போர்டு உடனே வேலை செய்ய வேண்டுமென்றால் வேறு கார்ட்டில் இமேஜை எழுதிப் போடுங்கள்.

2. கெட்ட கார்ட்டை லினக்ஸ் கணினியில், மவுண்ட் செய்யாமல், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழுமையாகப் பிரதி எடுங்கள். வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப்போய், மற்றதை முதலில் காப்பாற்றி, பிறகு திரும்பி வந்து முயலும் நிரல் அது.

3. ஃபைல்சிஸ்டம் திருத்தும் நிரலைப் பிரதியின்மேல் ஓட்டுங்கள், மூலத்தின்மேல் வேண்டாம். அது திருத்தும்போது சிலவற்றைத் துண்டித்துவிடக்கூடும்; பிரதி இருந்தால் மறுபடி முயலலாம்.

அடுத்த மின்வெட்டுக்கு முன்

எழுதாத கார்ட் மின்வெட்டில் கெடுவது மிக அரிது. எனவே ரூட் பகுதியை வாசிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்களை ஓவர்லே வழியாக நினைவகத்தில் வைத்துக்கொள்வது முதல் காப்பு; ராஸ்ப்பெரி பையின் அமைப்பு நிரலிலேயே இதற்கு ஒரு தெரிவு உண்டு. தரவுக்குத் தனிப் பகுதி. வினாடிக்கொரு தடவை எழுதாமல், சில நிமிடத்துக்குரியதைச் சேர்த்து எழுதினால் எழுதும் கணங்கள் குறையும். பதிவு மிகவும் முக்கியமென்றால் மின்வெட்டுப் பாதுகாப்பு உள்ள தொழிற்துறைத் தரக் கார்ட், அல்லது இஎம்எம்சி.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பற்றரியும், 5 வோல்ட்டாகக் குறைக்கும் கொன்வேட்டரும் நல்ல ஏற்பாடு. கொன்வேட்டரைப் போர்டுக்கு அருகில் வையுங்கள். நீள வயரில் 12 வோல்ட் போகட்டும், 5 வோல்ட் போகவேண்டாம். மின்சாரம் வந்தவுடன் பூட் ஆகாமல், மோட்டார்கள் எல்லாம் கிளம்பியபின் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் தாமத ரிலே ஒன்று தொழிற்சாலையில் உதவும். சிப்பில் உள்ள வொச்டோக்கை இயக்கி வைத்தால், ஓடிக்கொண்டிருந்து உறைந்துபோன போர்டு தானே ரீசெட் ஆகும். ஆனால் கார்ட் கெட்டதை வொச்டோக் திருத்தாது. பை 4 வரையான ராஸ்ப்பெரி பைகளில், மின்சாரம் நின்றாலும் நேரத்தைக் காக்கும் கடிகாரமும் இல்லை. இணையமும் மின்சாரமும் சேர்ந்து போன இரவில் பதிவின் நேரமே தவறிவிடும் என்பதால் டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

தொலைவிலிருந்து உதவி கேட்கும்போது

பொகவந்தலாவையில் இருக்கும் போர்டைக் கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருவர் திருத்தித் தரமுடியும், தேவையானது கையில் கிடைத்தால். கறுப்புத் திரையின் படம் அவருக்கு உதவாது. பெனிக் வரியை மட்டும் படமெடுத்து அனுப்புவதும் போதாது, ஏனெனில் காரணம் பெரும்பாலும் அதற்கு இருபது முப்பது வரி மேலேயே இருக்கும். சீரியலில் வந்த முழுப் பேச்சையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரு எழுத்துக் கோப்பாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதோடு போர்டின் முழு மொடல் பெயர், பலகையில் அச்சிட்டிருக்கும் பதிப்பு இலக்கம், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும், கேபிளின் நீளம், எந்த இமேஜ், கடைசியாக நன்றாக ஓடியது எப்போது, அதற்கும் கோளாறுக்கும் இடையே என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். கெட்ட கார்ட்டை மட்டும் யாருக்கும் தபாலில் அனுப்ப வேண்டாம். அதன் பிரதியை எடுத்து அனுப்புங்கள்.